நூறு-நாலும் நூறு-ஒண்ணும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. பரீட்சை, அசைன்மென்ட், அதுக்கு நடுவுல வேலைன்னு பொழப்பு ஓடிக்கிட்டிருக்கு. போன வாரம் போன்ல அம்மா, "நீ அங்க படிக்கிறியா, இல்ல பொக்லைன் ரிப்பேர் பண்றியா?"ன்னு கேட்டாங்க. ரெண்டும் தாம்மா, ஆனா உருப்படியா கத்துக்கிட்டது ரெண்டாவதுல தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. மனசு கஷ்டப்படுவாங்கன்னு விட்டுட்டேன் :-)

அந்த ரெண்டாவது விஷயத்தைப் பத்தி தான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். கார் வச்சிருக்கிறவங்களுக்குக் கடைசியில ஒரு உபயோகம் இருக்கு, அதனால பாதியில ஓடிடாதீங்க.

நான் இருக்கிறது ஜெர்மனியில. வாரத்துக்கு ரெண்டு நாள், கட்டுமான இயந்திரங்களை வாடகைக்கு விடுற ஒரு யார்டுல 'வெர்க்ஸ்டுடென்ட்' வேலை. படிச்சுக்கிட்டே பார்ட் டைம்னு வச்சுக்குங்களேன். பொக்லைன், வீல் லோடர், ரோலர்னு வரிசையா நிக்கும். (நம்ம ஊர்ல எக்ஸ்கவேட்டரைப் பொக்லைன்னு சொல்றோமே, அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியோட பேர்னு இங்க வந்தப்புறம் தான் எனக்குத் தெரியும்.) பட்டறைக்குப் பெரியவர் ஒரு 'மைஸ்டர்'. அது இங்க பரீட்சை எழுதி வாங்குற பட்டம். நம்ம 'மேஸ்திரி' போர்ச்சுகீஸ் வழியா வந்த வார்த்தை, ரெண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல் தான். அதனால இந்தப் பதிவுல அவரை மேஸ்திரின்னே சொல்லிக்கிறேன். கோவிச்சுக்க மாட்டார், தமிழ் தெரியாது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இப்ப வர்ற பெரிய மிஷின்கள்ல எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஹைட்ராலிக்ஸுக்கு ஒண்ணு, டிஸ்ப்ளேக்கு ஒண்ணுன்னு ஒரு கூட்டமே இருக்கு. எல்லாம் முறுக்கி விட்ட ரெண்டே ரெண்டு வயர்ல பேசிக்குது. அந்த ஏற்பாட்டுக்குப் பேர் 'கேன்'. பாஷ் கம்பெனி 1986-ல கார்களை மனசுல வச்சு வெளியிட்டது. அந்த வயர் மேல லாரி, டிராக்டர், பொக்லைன் மாதிரி கனரக வண்டிகள் பேசுறதுக்காக அமெரிக்காவோட எஸ்ஏஇ அமைப்பு எழுதி வச்ச பொது பாஷை தான் 'ஜே1939'. எந்தக் கம்பெனி எஞ்சினா இருந்தாலும் அடிப்படை இலக்கணம் இது தான். மேல போடுற சட்டை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஏதாவது சரியா படலைன்னா ஒரு கோடு போடும். அந்தக் கோடுக்குள்ள மூணு விஷயம் இருக்கு.

முதல்ல 'எஸ்பிஎன்'. எதுல பிரச்சினைங்கிறதுக்கான எண். 100-ன்னா எஞ்சின் ஆயில் பிரஷர். 110-ன்னா கூலன்ட் சூடு. 168-ன்னா பேட்டரி வோல்டேஜ். 190-ன்னா எஞ்சின் வேகம். இந்த எண்ணுக்கு ஒதுக்கியிருக்கிறது 19 பிட், அதாவது 5 லட்சத்துக்கும் மேல எண் வச்சுக்கலாம். 512-க்குக் கீழ இருக்கிற எண்கள் எல்லாம் இதுக்கு முந்தின தலைமுறை பாஷையில இருந்து அப்படியே வந்தது. பழைய மெக்கானிக்குகளுக்கு 100, 110 எல்லாம் மனப்பாடமா இருக்கிறதுக்குக் காரணம் அது தான்.

ரெண்டாவது 'எஃப்எம்ஐ'. எந்த மாதிரி பிரச்சினைங்கிறது. 0-ல இருந்து 31 வரைக்கும் தான். 0-ன்னா அளவு ஆபத்தான உயரத்துல இருக்கு. 1-ன்னா ஆபத்தான பள்ளத்துல இருக்கு. 3-ன்னா வோல்டேஜ் இருக்க வேண்டியதை விட அதிகம். 4-ன்னா வோல்டேஜ் குறைவு, இல்ல வயர் எங்கேயோ எர்த் ஆகுது. 5-ன்னா கரன்ட் குறைவு, சர்க்யூட் அறுந்திருக்கலாம்.

மூணாவது, இது எத்தனை தடவை வந்ததுங்கிற எண்ணிக்கை. இதை யாரும் பார்க்கிறதில்லை. நானும் பார்க்கலை. அங்க தான் கதை ஆரம்பிக்குது.

*

அன்னைக்குக் காலையில மழை. மேஸ்திரி வேற ஊர்ல ஒரு கிரஷர் வேலையா போயிட்டார். ஒரு சைட்ல இருந்து போன். 22 டன் பொக்லைன்ல மஞ்சள் லைட், பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்துது, ஓட்டுறவர் கோவத்துல இறங்கி நிக்கிறார். "லேப்டாப் எடுத்துக்கிட்டுப் போ, என்னன்னு பாரு"ன்னு என்னை அனுப்பிட்டாங்க. முதல் தடவையா தனியா போறேன். மனசுக்குள்ள பேக்கிரவுண்டு மியூசிக் எல்லாம் ஓடுது.

கேபினுக்குப் பக்கத்துல 9 பின் உள்ள வட்டமான கனெக்டர் இருக்கும், அதுல லேப்டாப்பை மாட்டினேன். கோடு வந்துச்சு. 100-4. ஆயில் பிரஷர், வோல்டேஜ் குறைவு. அடடா, இவ்வளவு தானா! புது சென்சர் கையோட கொண்டு போயிருந்தேன். பழசைக் கழட்டி புதுசை மாட்டி, கோடை அழிச்சேன். 20 நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன். லைட் வரலை.

ஓட்டுறவர் துருக்கியில இருந்து வந்து இங்க வருஷக்கணக்கா மிஷின் ஓட்டுற பெரியவர். நான் மாட்டிக்கிட்டிருக்கும்போது பக்கத்துல நின்னு ஒண்ணு சொன்னார். "தோண்டும்போது வர்றதில்லை. ட்ராக்ல நகரும்போது மட்டும் தான் கத்துது." நான் "ம்ம், சரி சரி"ன்னு தலையாட்டினேன். லேப்டாப்ல பதில் இருக்கும்போது இவர் என்ன சொல்றார்ங்கிற நினைப்பு. இப்ப எழுதும்போது கூச்சமா இருக்கு.

கிளம்புறப்போ சைட் ஃபோர்மேன் கேட்டார், "ஆயில் பிரஷர்னா எஞ்சின் போயிடுமே, பயமில்லையா?" நான் ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி, "அதெல்லாம் இல்லை. 100-ன்னு வந்தா பயப்படாதீங்க, சும்மா சென்சர், வயர் சமாச்சாரம் தான்"னு சொல்லிட்டு வந்தேன்.

இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்குங்க. திரும்ப வரும்.

*

மறுநாள் காலையில அதே போன். அதே 100-4. இந்தத் தடவை மேஸ்திரியும் வந்தார். அவர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. நேரா ஓட்டுறவர்கிட்ட போய், "எப்ப வருது?"ன்னு கேட்டார். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, முந்தின நாள் சொன்னதையே திரும்பச் சொன்னார். ட்ராக்ல நகரும்போது மட்டும்.

அப்புறம் மேஸ்திரி என்கிட்ட, "அழிக்கிறதுக்கு முன்னாடி எண்ணிக்கை எத்தனை இருந்துச்சு?"ன்னு கேட்டார். நான் முழிச்சேன். நல்லவேளை, ஸ்கிரீனை போட்டோ எடுத்து வச்சிருந்தேன். 43.

"செத்துப் போன சென்சர் ஒரு தடவை தான் சாகும். 43 தடவை செத்து 43 தடவை பொழைச்சிருக்குன்னா அது சென்சர் இல்லை, எங்கேயோ தொட்டுத் தொட்டு விலகுற வயர்"னார். கோடை எழுதி வைக்காம அழிக்கிறது, டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடி பிளட் ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடுற மாதிரின்னு ஒரு குட்டு வேற.

அதுக்கப்புறம் அவர் பண்ணின டெஸ்ட், கிளாஸ்ல ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்தும் எனக்குப் புரியாத விஷயத்தை அஞ்சு நிமிஷத்துல புரிய வச்சது. அதுக்கு முன்னாடி சென்சரைப் பத்தி ஒரு சின்ன விளக்கம்.

இந்த பிரஷர் சென்சருக்கு மூணு வயர். ஒண்ணுல 5 வோல்ட் போகும், ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். பிரஷர் சுத்தமா இல்லைன்னா சிக்னல் 0.5 வோல்ட் காட்டும். முழு அளவுல இருந்தா 4.5 வோல்ட். ஏன் 0-ல இருந்து 5 வரைக்கும் வைக்கலை? இங்க தான் விஷயமே இருக்கு. நம்ம மார்க் லிஸ்ட்ல '0'-ன்னு போட்டிருந்தா பையன் பரீட்சைக்கு வந்து முட்டை வாங்கியிருக்கான்னு அர்த்தம். 'ஆப்சென்ட்'னு போட்டிருந்தா ஆளே வரலைன்னு அர்த்தம். ரெண்டையும் ஒண்ணா போட்டா வாத்தியாருக்கு எது எதுன்னு தெரியாது. அதே தான். 0.5 வோல்ட்னா 'வந்திருக்கேன், பிரஷர் முட்டை'. 0 வோல்ட்னா 'ஆளே இல்லை'. ஆயில் பிரஷர் எவ்வளவு குறைஞ்சாலும் நல்ல சென்சர் 0 வோல்ட் காட்டாது. அதனால 0 வந்தா கம்ப்யூட்டர் அதை ஆயிலோட குத்தமா எடுத்துக்காம, மின்சாரக் குத்தமா எடுத்து 100-4 போடும். நிஜமாவே ஆயில் பிரஷர் ஆபத்தா குறைஞ்சா, சிக்னல் நம்பும்படியா இருக்கு, ஆனா அளவு மோசம்னு 100-1 போடும்.

கடைசி எண்ல தான் மொத்த வித்தியாசமும். முதல்ல இருக்கிற 100 ரெண்டுலயும் ஒண்ணு தான்.

இப்ப டெஸ்ட். சாவியை ஆன் பண்ணி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, சென்சர் கனெக்டரைக் கழட்டிவிட்டார். கோடு 100-3-ஆ மாறிச்சு. அந்த எஞ்சின்ல சிக்னல் வயர் அந்தரத்துல நின்னா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ரெசிஸ்டர் அதை 5 வோல்ட்டுக்கு இழுத்துடும், அதனால 'அதிகம்'. (சில எஞ்சின்ல கீழ இழுக்கும், அங்க 4 வரும். மேனுவல் பார்த்துக்கணும்.) அடுத்து, கனெக்டர்ல சிக்னலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால இணைச்சார். 100-4 வந்துச்சு. அவ்வளவு தான். நாம என்ன பண்றோமோ அதைக் கம்ப்யூட்டர் சரியா சொல்லுது. அப்ப கம்ப்யூட்டர் நல்லாருக்கு, அந்த நிமிஷத்துல வயரும் நல்லாருக்கு. சென்சரோ நேத்து மாட்டின புதுசு. மிச்சம் இருக்கிறது, அசையும்போது மட்டும் வர்ற குத்தம்.

கனெக்டரைத் திரும்ப மாட்டிட்டு, பின்பக்கமா மல்டிமீட்டர் முனையைச் செருகி என்கிட்ட கொடுத்தார். வயர் தோலைக் குத்தி அளக்கவே கூடாது, குத்தின ஓட்டை வழியா தண்ணி இறங்கி ஆறு மாசத்துல பச்சைப் பூத்து இன்னொரு கோளாறு வரும்னார். மீட்டர்ல 0.5. அவர் வயர்க் கட்டை சென்சர்ல ஆரம்பிச்சு சாண் சாணா அசைச்சுக்கிட்டே போனார். 0.5, 0.5, 0.5... திடீர்னு 0.

எஞ்சின் ஓரமா ஒரு இரும்பு பிராக்கெட். வயரைப் பிடிச்சிருக்க வேண்டிய கிளிப் எப்பவோ உடைஞ்சு போயிருக்கு. ட்ராக்ல போகும்போது வர்ற அதிர்வுல வயர் பிராக்கெட் மேல தேய்ஞ்சு தேய்ஞ்சு, ஒரு அரிசி அளவுக்குத் தாமிரம் பளபளன்னு தெரியுது. முந்தின நாள் சென்சரை மாத்தும்போது நான் வயரைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கேன். அதனால கொஞ்ச நேரம் தொடாம இருந்திருக்கு, அதைப் பார்த்துட்டு நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சிருக்கேன்.

ரிப்பேர் செலவு? ஒரு கிளிப், கொஞ்சம் ஸ்லீவ். சில்லறைக் காசு. வீணானது ஒரு புது சென்சர், ரெண்டு டிரிப், சைட்ல ஒரு நாள் வேலை.

மேஸ்திரி திட்டலை. வண்டியில திரும்பி வரும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னார். "கோடுங்கிறது குழந்தை அழற மாதிரி. அழுதுன்னு தெரியும். ஏன் அழுதுன்னு நீ தான் போய்ப் பார்க்கணும்."

*

நாலு மாசம் கழிச்சு, அதே சைட். இந்தத் தடவை வீல் லோடர். போனை எடுத்தது நான் தான். ஃபோர்மேன் ரொம்ப சாவகாசமா பேசினார். "ஒண்ணும் அவசரமில்லை. அந்த 100 திரும்ப வந்திருக்கு. ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஓட்டிக்கிட்டிருக்கோம். நாளைக்கு வந்தா போதும்."

"100-க்கு அப்புறம் என்ன நம்பர்?"

"அது என்ன... ஒண்ணு."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. "லைட் என்ன கலர்?" "சிவப்பு." "உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்"னு கத்தினேன். என்னோட ஜெர்மன் இலக்கணம் எல்லாம் காத்துல பறந்துச்சு. அவர் யாரையோ கூப்பிடுற சத்தம், அப்புறம் எஞ்சின் நிக்கிற சத்தம் கேட்டுச்சு.

அவர் மேல தப்பே இல்லை. "100-ன்னு வந்தா பயப்படாதீங்க"ன்னு சொன்னது யாரு? நான் தான். அவர் அதை நம்பியிருக்கார்.

போனதும் மேஸ்திரி கோடை நம்பலை. 'இது நிஜம் தான்'னு நான் சொன்னதையும் நம்பலை. முதல்ல டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் குறையலை, மேல் கோட்டைத் தாண்டி நிக்குது! மோந்து பார்த்தா டீசல் வாடை. அடுத்து, சென்சர் இருந்த துளையில முள்ளு வச்ச சாதாரண பிரஷர் கேஜை மாட்டி, சில விநாடி மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். முள்ளு எழுந்திருக்கவே இல்லை. கரன்டே இல்லாத கருவி, அது பொய் சொல்ல வழியில்லை. கோடு நிஜம்.

ஒரு இன்ஜெக்டர் பக்கத்துல இருந்து டீசல் கசிஞ்சு ஆயிலோட கலந்திருக்கு. ஆயில் தண்ணியா போனா பேரிங்குகளுக்கு நடுவுல பிரஷர் நிக்காது. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பைப் பிரிச்சுப் பார்த்தோம். உள்ள தாமிர நிறத்துல மினுமினுன்னு பொடி. பேரிங் தேய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். எஞ்சினைத் திறந்து பேரிங் எல்லாம் மாத்த வேண்டியதா போச்சு. கிராங்க் ஷாஃப்ட் தப்பிச்சது. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ஓடியிருந்தா மொத்த எஞ்சினும் போயிருக்கும்னு மேஸ்திரி சொன்னார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. முதல் தடவை, கோடை அப்படியே நம்பி ஏமாந்தேன். ரெண்டாவது தடவை, கோடை நம்பாதேன்னு நான் பரப்பின அரைகுறை ஞானம் ஒரு எஞ்சினைக் கிட்டத்தட்ட கொன்னுடுச்சு. ரெண்டுமே ஒரே தப்பு தான். ரெண்டு தடவையும் யாரோ ஒருத்தர் பாதி நம்பரை மட்டும் படிச்சோம்.

*

அதுக்கப்புறம் நான் ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கேன். அதுல இருந்து கொஞ்சம்:

1. முதல்ல பேட்டரி. பெரிய மிஷின்கள்ல ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். ஸ்டார்ட் பண்ணும்போது அது ரொம்ப இறங்கினா சம்பந்தமே இல்லாத கோடெல்லாம் வரிசை கட்டும். பேட்டரி முனை, எர்த் போல்ட் ரெண்டையும் பார்க்காம லேப்டாப்பைத் திறக்கிறதில்லை.

2. மூணு நாலு சென்சர் ஒரே நேரத்துல அழுதா, எல்லாம் ஒரே நாள்ல சாகாது. அவங்களுக்குப் பொதுவா என்ன இருக்குன்னு பார்க்கணும். பல சென்சர் ஒரே 5 வோல்ட் லைன்ல சாப்பிடும். ஒண்ணு ஷார்ட் ஆனா பந்தியில எல்லாருக்கும் சாப்பாடு கட். ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வந்தா, எதைக் கழட்டினதும் மத்ததெல்லாம் பொழைக்குதோ அது தான் குற்றவாளி.

3. கம்ப்யூட்டர்களுக்குள்ள பேச்சுவார்த்தை முறிஞ்சா, பேட்டரி ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு 'கேன்' வயர் ரெண்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் அளக்கணும். லைனோட ரெண்டு கோடியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், சேர்ந்து 60 காட்டணும். 120 காட்டினா ஒரு பக்கம் அறுந்திருக்கு. 40 காட்டினா எவனோ மூணாவது ரெசிஸ்டரை மாட்டியிருக்கான்.

4. ஓம் மீட்டர் 'நல்லா இருக்கு'ன்னு சொன்னா, கரன்ட் கொண்டு போற வயரை நம்பிடக் கூடாது. பத்து இழையில ஒன்பது அறுந்து ஒண்ணு மிச்சம் இருந்தாலும் மீட்டர் நல்லாருக்குன்னு தான் சொல்லும். அதுல ஒரு பல்பை எரிய விட்டுப் பார்த்தா சாயம் வெளுக்கும்.

5. ஓட்டுறவர்கிட்ட கேளு. முதல்ல கேளு. இதை மட்டும் நோட்டுல சிவப்பு மையில எழுதி வச்சிருக்கேன்.

கார்க்காரங்களுக்கு சொன்னேன்ல, அது இது தான். உங்க கார்ல 'செக் எஞ்சின்' லைட் வந்து, ரீடர்ல 'பி0420'-ன்னு வந்தா, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாத்தணும்னு உடனே யாராவது சொல்லுவாங்க. அந்தக் கோடு சொல்றது 'கன்வெர்ட்டரோட திறன் குறைவா தெரியுது'ங்கிறது மட்டும் தான். புகைக் குழாய்ல ஒரு கசிவு இருந்தாலும் அப்படித் தெரியலாம். பெரிய செலவுக்கு முன்னாடி, "வேற என்ன டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. ஆனா லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா, இல்ல சிவப்புல ஆயில் கேன் படம் வந்துச்சுன்னா, கேள்வி எல்லாம் அப்புறம். ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிட்டுத் தான் போனை எடுக்கணும்.

அந்த ஃபோர்மேன்கிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன். 100-ங்கிறது பாதி தான், அடுத்த நம்பரையும் பார்க்கணும்"னேன். அவர் பெரிசா எதுவும் சொல்லலை. போன மாசம் அந்த சைட்டுக்கு வேற வேலையா போனப்போ, லோடர் கேபின் கண்ணாடியில ஒரு டேப் ஒட்டி மார்க்கர்ல பெரிசா எழுதியிருந்தார்: "100-4 போன் பண்ணு. 100-1 ஆஃப் பண்ணு." அதை அப்படியே போட்டோ எடுத்து மேஸ்திரிகிட்ட காட்டினேன். சிரிச்சார். மத்த மிஷின்லயும் ஒட்டச் சொன்னார்.

வளைகுடாவுலயோ சிங்கப்பூர்லயோ ஊர்லயோ இந்த மாதிரி மிஷினோட மல்லுக்கட்டுற மக்கா யாராச்சும் இருந்தா, நீங்க ஏமாந்த கதையை எடுத்து விடுங்க. நான் மட்டும் தான் மாட்டிக்கிட்டேன்னு இருக்க வேணாம் பாருங்க :-)